குண்டு எழுத்து தலைப்புக்கு மட்டும்!

பிறந்த நாள் அழைப்பிதழை நாமே வேர்டில் தயாரிக்கும்போது, முழுவதையும் குண்டு எழுத்தில் அமைக்கத் தோன்றும். வேண்டாம் என்பேன்.

மும்பையின் ஏக் டைப் குழுவினர் வடிவமைத்த 'பலூ தம்பி 2' தமிழ் எழுத்துருவைப் பாருங்கள். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசம். 5 தடிமன்களில் கிடைக்கிறது. முனைகள் உருண்டை என்பதால் பார்த்ததும் ஒரு நட்பு தோன்றும். சாஃப்ட்வேர் இன்ஜினியரான எனக்கும் பிடித்தமானது.

ஆனால் அதன் மிகத் தடித்த வடிவம் 36 பாயின்ட் அளவில்தான் அழகு. 10 பாயின்ட்டில் அச்சிட்டால் எழுத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டு, 'ன', 'ண' இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தாத்தா பாட்டியால் மண்டப முகவரியைப் படிக்க முடியாவிட்டால் அழைப்பிதழ் எதற்கு?

குழந்தையின் பெயருக்குப் பலூ தம்பி. முகவரிக்கும் நேரத்துக்கும் விண்டோஸிலேயே உள்ள நிர்மலா யூஐ. இதுவே என் சிபாரிசு.