கேட்டுக்கொண்டே இருப்பதா? வீட்டு வானொலி நிலையமும் நம் தமிழ்ப்பள்ளிகளும்



மலேசியத் தமிழர்களுக்கு வானொலியோடு உள்ள உறவு நெடியது. தோட்டத்து வீடுகளில் அன்று ஒலித்த தமிழ் வானொலி இன்று மின்னல் பண்பலையாக மகிழுந்துகளிலும் ஒலிக்கிறது. ஆயினும், அந்த உறவில் நாம் பெரும்பாலும் கேட்பவர்களாகவே இருந்துவிட்டோம். பதில் பேசக்கூடிய வானொலி ஒன்றும் உண்டு. முறையாகத் தேர்வெழுதி உரிமம் பெற்றவர்கள், தம் வீட்டிலிருந்தே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அந்த வானொலியை 'ஹாம் வானொலி' என்பர். கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் அத்தகைய உரிமம் பெற்ற ஓர் ஆசிரியரோ பெற்றோரோ இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

"கையில் கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2021 டிசம்பர் 18ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது, மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் மீட்புப் படகுக்காகக் காத்திருந்தனர். மின்சாரம் நின்றுபோன வீட்டில் கைப்பேசியின் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும்? அலைக்கோபுரத்திற்கே மின்சாரம் இல்லையென்றால், நிறைந்த மின்கலம் இருந்தும் பயன் என்ன?

இதற்கு வரலாறு தரும் விடை ஒன்று உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் இந்திய ஹாம் வானொலியாளர், தம் குழுவினருடன் அந்தமானின் போர்ட் பிளேர் நகருக்குச் சென்று, விநோதமான பேரிடர் எதையும் எதிர்பாராமல், 'வியு4ஆர்பிஐ' என்ற அழைப்புக் குறியுடன் ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். உலகெங்கும் உள்ள வானொலி நண்பர்களோடு உரையாடுவதே அப்பயணத்தின் நோக்கம். டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, அதே கருவிகள் உயிர்காக்கும் கருவிகளாக மாறின. தீவிலிருந்த உறவினரின் நிலை, உதவிக்கான வேண்டுகோள் என்று எத்தனையோ செய்திகள் அவ்வழியே பெருநிலத்தை எட்டின. பொழுதுபோக்காகப் பழகிய கை, பேரிடர் வேளையில் தடுமாறவில்லை என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

சரி, வீட்டில் நிலையம் அமைக்க என்ன வேண்டும்? பேசவும் கேட்கவும் உதவும் வானொலிப் பெட்டி, அதற்கு ஏறக்குறைய 13.8 வோல்ட் நேர்மின்னோட்டம் தரும் மின்வழங்கி, மின்தடையின்போது கைகொடுக்கச் சேமிப்பு மின்கலம், வீட்டுக்கு வெளியே உயரத்தில் ஓர் ஆண்டெனா, இரண்டையும் இணைக்கும் கம்பிவடம். இவ்வளவுதான். இவற்றுள் உயிர்நாடி ஆண்டெனாவே. விலை உயர்ந்த பெட்டியைத் தாழ்ந்த ஆண்டெனாவோடு இணைப்பதைவிட, எளிய பெட்டியை உயர்ந்த ஆண்டெனாவோடு இணைப்பது மேல். அடிக்கடி இடியும் மின்னலும் தாக்கும் வட்டாரம் நம்முடையது. எனவே, நிலத்தொடர்புக் கம்பி இல்லாமல் ஆண்டெனா ஏற்றவே கூடாது. மழை இருட்டும்போது வடத்தைக் கழற்றிவிடும் பழக்கமும் வேண்டும்.

இவ்வளவு செய்தும் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் குரல் எட்டாமல் போகலாம். இடைவெளி ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆனால், 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டிலேயே செல்வன. குன்றும் அடுக்குமாடியும் அவற்றை மறித்துவிடும். இந்தக் குறையைத் தீர்ப்பதே ரிப்பீட்டர் எனப்படும் மறுபரப்பு நிலையம். உயரமான இடத்தில் நின்று, ஓர் அலைவெண்ணில் நம் குரலைக் கேட்டு, அதே நொடியில் வேறோர் அலைவெண்ணில் கூடுதல் ஆற்றலுடன் அது பரப்புகிறது. இந்த அலைவரிசையில் இரண்டிற்கும் இடையே வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் வேறுபாடு இருக்கும். ரிப்பீட்டரும் மின்சாரத்தை நம்பியதே. அது பழுதானால் நேரடியாகப் பேசவும் பழகியிருக்க வேண்டும்.

இதை மாணவர்களுக்கு விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. உரிமத் தேர்வு இன்றிப் பயன்படுத்தத்தக்க, 0.5 வாட் ஆற்றல் கொண்ட 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கிகள் மூன்று போதும். இரு மாணவர்கள் பள்ளிக் கட்டடத்தின் இரு புறமும் விலகிச் செல்லட்டும். குரல் தேயும் இடத்தில் நிற்கட்டும். மூன்றாம் மாணவர் மேல்மாடியில் நின்று, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லட்டும். அவரே ரிப்பீட்டர்! உண்மை ரிப்பீட்டர் கேட்டுக்கொண்டே பேசும். இவர் கேட்டு முடித்துப் பேசுவார். வேறுபாடு அவ்வளவே.

கணிதமும் இதில் உண்டு. 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய 2.07 மீட்டர், அதில் கால் பங்கு 52 சென்டிமீட்டர். ஆண்டெனாவின் நீளம் எங்கிருந்து வந்தது என்பதை ஆறாம் ஆண்டு மாணவர் தாமே கண்டறிவார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கும் பண்பை இது வளர்க்கும். இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் யார் பேச்சும் விளங்காது.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இணைய அங்காடிகளில் மலிவாகக் கிடைக்கும் ஹாம் கைக்கருவிகள் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. வாங்குவது எளிது, உரிமமின்றி அவற்றில் பேசுவது 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்திற்கு மாறானது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் கீழ் நடைபெறும் தேர்வில் சட்டவிதிகள், இயக்கும் முறை, அடிப்படை மின்னியல் ஆகியவை கேட்கப்படும். நாள்தோறும் பாடம் கற்பிக்கும் நமக்கு இவை எட்டாக் கனிகளா?

"ஆசிரியர்களுக்கு இருக்கும் சுமை போதாதா?" என்ற முணுமுணுப்பு எனக்கும் கேட்கிறது. சுமை உண்மைதான். ஆகவேதான் இதைப் பாடமாக்கச் சொல்லவில்லை. அறிவியல் கழகமோ சாரணர் இயக்கமோ உள்ள பள்ளியில், ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து இருவரும் சேர்ந்து தேர்வெழுதினால் போதும். தேர்வுக் கட்டணத்தைச் சங்கம் ஏற்கலாம். ஆண்டுக்கு ஒரு பள்ளி முன்வந்தாலும், அடுத்த வெள்ளம் வரும்போது நம் குடியிருப்புகளிலிருந்து நிலவரத்தை எடுத்துரைக்கச் சிலராவது இருப்பார்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாக முன்வைத்துப் பாருங்கள். கேட்கத் தெரிந்த சமுதாயம் நாம், பேசவும் கற்போம்!