வாக்குரிமை ஒன்றாம் ஆண்டிலேயே தொடங்குகிறது!



"இப்பொழுதுதான் எல்லாம் தானாகவே பதிவாகிவிடுகிறதே! வாக்காளர் பட்டியலைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" கோலசிலாங்கூரிலும் அதற்கு வடக்கே உள்ள தோட்டப்புறங்களிலும் இப்படிப் பேசுவோர் பலர். கேட்பதற்கு இது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், தோட்டப்புறத் தமிழரை இன்று ஏமாற்றிக்கொண்டிருக்கும் பேச்சும் இதுவேதான்.

முதலில் சட்டம் என்ன செய்தது என்று பார்ப்போம். 2019 ஜூலையில் நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தியது. வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது. விண்ணப்பம் செய்தால்தான் பதிவு என்னும் நிலை மாறித் தானியங்கிப் பதிவு வந்தது. இத்திருத்தம் 2021 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. 2018 பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022 நவம்பர் பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது. இது நல்ல சட்டம், மறுப்பதற்கில்லை.

ஆனால் 'தானாக' என்னும் சொல்லின் பொருள் என்ன? தேர்தல் ஆணையத்தின் பட்டியல் வானத்திலிருந்து இறங்குவதன்று. தேசியப் பதிவுத் துறையில் இருக்கும் விவரமே பட்டியலுக்கு வருகிறது. அங்குக் குடிமகனாகப் பதிவாகாதவர் இங்கும் இல்லை. அங்கு எந்த முகவரி இருக்கிறதோ, அந்த முகவரிக்குரிய தொகுதியில்தான் இங்குப் பெயர் விழும். மூல ஆவணம் பழுதென்றால், தானியங்கி முறையும் அந்தப் பழுதையே தானாகப் பதிவு செய்யும். இதை ஏன் எவரும் சொல்வதில்லை?

நம் வட்டாரத்தில் மூல ஆவணம் பழுதாவதற்குக் காரணங்கள் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; பல தோட்டங்கள் கைமாறின; சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீடுகளை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், பூஞ்சாக் ஆலாம், ரவாங் என்று சிதறின. மனிதர்கள் போய்விட்டார்கள், அடையாள அட்டையில் மட்டும் இல்லாத தோட்டத்தின் பெயர் இருக்கிறது. முகவரி மாறினால் 30 நாள்களுக்குள் பதிவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை அறிந்தோர் எத்தனை பேர்?

அறிந்தவரும் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். அடையாள அட்டையில் முகவரியை மாற்றிவிட்டால் வாக்களிக்கும் தொகுதியும் தானாக மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். மாறாது! முதலில் பதிவுத் துறையில் முகவரியைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு தேர்தல் ஆணையத்திடம் வாக்களிக்கும் முகவரியை மாற்றத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரண்டாம் படியை ஏறாதவர், தேர்தல் நாளன்று தம் வீட்டருகே உள்ள பள்ளிக்குச் சென்று வெறுங்கையோடு திரும்புவார். அன்று யாரை நொந்துகொள்வது?

இன்னொரு பிரிவினரின் நிலை இதைவிடக் கொடுமையானது. அவர்களுக்கு மாற்றுவதற்கு முகவரியே இல்லை. ஏனெனில் அட்டையே இல்லை. 1957-இல் விடுதலை பெற்றபோது குடியுரிமை விண்ணப்பத்திற்குச் சலுகைக் காலம் இருந்தது. தோட்டத்து மக்களில் பலர் அதை அறியாமலே இருந்துவிட்டனர். வீட்டிலேயே பிள்ளை பிறந்தது, பிறப்பு பதியப்படவில்லை. கோயிலில் தாலி கட்டினார்கள், திருமணம் பதியப்படவில்லை. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமை சட்டப்படி சேர்வதில்லை. தாயின் நிலையையே பார்க்கிறார்கள். தாயிடம் ஆவணம் இல்லையென்றால் பிள்ளையும் நாடற்றதாகிறது. ஒரு தலைமுறையின் கவனக்குறைவு மூன்று தலைமுறையைத் தண்டிக்கிறது. இந்தச் சிக்கல் கட்டுக்கதை அன்று. 2011-இல் அரசாங்கமே 'மைடஃப்தார்' என்னும் இயக்கத்தை நடத்தி ஆவணமற்ற இந்தியர்களைப் பதிய முனைந்தது.

"ஓரிருவர் பெயர் விடுபட்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்பவர்கள் இந்த எண்களைப் பார்க்கட்டும். 2007 ஏப்ரலில் ஈஜோக் சட்டமன்ற இடைத்தேர்தல் 1,850 வாக்குப் பெரும்பான்மையில் முடிந்தது. அடுத்த ஆண்டே அத்தொகுதி கைமாறியது. 2010 ஏப்ரலில் உலுசிலாங்கூர் நாடாளுமன்ற இடைத்தேர்தலின் பெரும்பான்மை 1,725. 2022-இல் கோலசிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியின் பெரும்பான்மை 1,002. நாலைந்து தோட்டங்களின் வாக்குகள் போதும், முடிவைப் புரட்டிப் போட! எந்தக் கட்சி வென்றது என்பது இங்கு நம் பேச்சன்று. எண்ணிக்கையில் இல்லாதவனின் குறையை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே நம் பேச்சு.

இனி, என் ஆசிரிய நண்பர்களிடம் வருகிறேன். "இது அரசியல், ஆசிரியருக்கு இது எதற்கு?" என்று கேட்கிறீர்கள். தேர்தல் நாளில் நம் தமிழ்ப்பள்ளிகள் பலவும் வாக்களிப்பு மையங்களாகின்றன. நம் ஆசிரியர்களே அங்கு அமர்ந்து பெயரைச் சரிபார்க்கிறார்கள். வாக்குச் சீட்டைக் கொடுக்கிறார்கள். அது கடமை, ஆனால், அதே பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று ஆறு மாதம் முன்பே பார்க்கச் சொல்வது மட்டும் அரசியலா? யாருக்கு வாக்களிப்பது என்று சொல்லித்தருவது தவறு. வாக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித்தருவது கல்வி. இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவர்களா நாம்?

உண்மையில், இப்பணிக்கு ஆசிரியரைப் போல் பொருத்தமானவர் எவருமில்லை. ஒரு குடும்பத்தின் ஆவணம் ஆசிரியரின் கைக்கு இரண்டு முறை வருகிறது. முதல் முறை, ஒன்றாம் ஆண்டுப் பதிவின்போது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை அன்றே நமக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டாம் முறை, ஆறாம் ஆண்டில். 12 வயதில் பிள்ளை தன் முதல் அடையாள அட்டையை எடுக்க வேண்டும். இந்த இரு வாசல்களிலும் தடையின்றி நுழைந்த பிள்ளையை 18 வயதில் பட்டியல் தானாகவே வரவேற்கும். முதல் வாசலில் தடுமாறிய பிள்ளையை எந்தத் தானியங்கியும் காப்பாற்றாது. ஆகவேதான் சொல்கிறேன்: வாக்குரிமை 18 வயதில் தொடங்குவதன்று, ஒன்றாம் ஆண்டு வகுப்பறையில் தொடங்குகிறது.

ஆறாம் ஆண்டு மாணவனுக்கு அடையாள எண்ணைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். அவன் வீட்டுக்குப் போய்த் தாத்தாவின் அட்டையைப் படித்துக் காட்டட்டும். அதில் எழுதியிருக்கும் முகவரி இன்னும் இருக்கிறதா என்று கேட்கட்டும்.

பெற்றோர்கள் இந்த விடுமுறையிலேயே செய்யக்கூடியவை சில:

1. வீட்டில் உள்ள அனைவரின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பதிவு ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.

2. தந்தையின் பெயர் ஒவ்வொரு பிள்ளையின் பத்திரத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்று சிறு பிழையாகத் தோன்றுவது நாளை ஊழியர் சேமநிதியிலும் சொத்துரிமையிலும் பெருந்தடையாகும்.

3. தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ அடையாள எண்ணைத் தட்டிப் பாருங்கள். தொகுதி, வாக்களிப்பு வட்டாரம் எல்லாம் தெரியும். இதற்குக் கட்டணமில்லை.

4. புதிதாகப் பிறந்த பிள்ளையை 60 நாள்களுக்குள் பதியுங்கள். அறுபத்தொன்றாம் நாளிலிருந்து அது 'தாமதப் பதிவு', அலைச்சல் தொடங்கிவிடும்.

"இதையெல்லாம் நம் தலைவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று காத்திருப்போருக்கு ஒரு சொல். கட்சிகள் வாக்காளர் பட்டியலை வாங்கி வைத்திருக்கின்றன. நம் பெயர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது. முன்பு தோட்டத்துக் கிராணியின் கையில் நம் கணக்கு இருந்தது. அவர் எழுதியதே நாள், அவர் சொன்னதே கூலி. இன்று அந்த இடத்தில் வேறொருவரை உட்கார வைத்துவிட்டு, விடுதலை பெற்றதாக நினைத்துக்கொள்கிறோம். உரிமையாகக் கிடைக்க வேண்டியதை ஒருவர் தயவாகக் கொடுக்கும்போது, அவருக்கு நாம் கடன்பட்டுவிடுகிறோம். அந்தக் கடனைத்தான் தேர்தல் நாளில் வசூலிக்கிறார்கள்.

பட்டியலைப் பார்க்கப் பழகிய கண் மற்ற பதிவுகளையும் பார்க்கும். நம் பள்ளியும் கோயிலும் இடுகாடும் யாருடைய நிலத்தில் நிற்கின்றன? நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி நிலப் பட்டா விவரத்தைத் தேடிப் பார்க்க எவருக்கும் வழியுண்டு. சிலாங்கூரில் 2011-லேயே தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றப்பட்டது. மாநிலத் துறைகளிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் எழுத்து மூலம் தகவல் கேட்கலாம். கதவு பூட்டியிருக்கவில்லை, நாம்தான் தட்டவில்லை. கோயில் உடைபடும் நாளில் கூடும் கூட்டத்தில் பத்தில் ஒருவர், பத்தாண்டுக்கு முன்பே அந்நிலத்தின் பட்டாவைத் தேடிப் பார்த்திருந்தால் பல கண்ணீர்கள் மிச்சமாகியிருக்கும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக் கூட்டத்தில் சிற்றுண்டிக்கும் மாலைக்கும் நேரம் ஒதுக்குகிறோம். அன்றே ஒரு மேசையில் ஒரு கணினியை வைத்து, வருகின்ற ஒவ்வொரு பெற்றோரையும் தம் பெயரைத் தாமே பார்க்கச் செய்யுங்கள். கட்சிக்காரர் எவரும் வேண்டாம். ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் உதவினால் போதும். ஆவணம் இல்லாத குடும்பம் எது என்பதும் அன்றே தெரிந்துவிடும். அவர்களைக் கூட்டிக்கொண்டு பதிவுத் துறைக்குப் போவதே நாம் செய்யும் முதல் தொண்டாகட்டும்.

எழுத்தறிவித்தவன் இறைவன் என்று நம்மைப் போற்றுகிறார்கள். தன் பெயர் இந்நாட்டின் ஏட்டில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று படிக்கத் தெரியாத மாணவனுக்கு நாம் அறிவித்த எழுத்து எது? சிந்திப்போம், செயல்படுவோம்!