பஞ்சுக்குக் காவல்; தறிக்கு?

அந்நிய நாட்டார் தம் சந்தையில் விற்கும் விலைக்கும் கீழாக நம் துறைமுகங்களில் சரக்கைக் கொண்டுவந்து கொட்டி, நம் ஆலைகள் மூடப்படும்படி செய்வார்களாயின், அந்த விலை வித்தியாசத்துக்கு ஈடாகப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதிக்கும் உரிமை ஒரு தேசத்துக்கு உண்டென்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1904-இல் கனடா இதற்கென முதல் சட்டம் செய்தது. 1947-இல் காட் என்ற வர்த்தக ஒப்பந்தத்தின் ஆறாவது ஷரத்து அதைச் சர்வதேச நியதியாக்கிற்று. 1995-இல் உலக வர்த்தக ஸ்தாபனம் தோன்றியது முதல் இத்தகைய விசாரணைகளை மிக அதிகமாகத் தொடங்கியிருப்பதோ நம் பாரத தேசம். ஆனால் அந்த வரியால் யார் ரட்சிக்கப்படுகிறார்கள், யார் தண்டிக்கப்படுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

விஸ்கோஸ் பஞ்சின் விவகாரத்தைப் பாருங்கள். மரக்கூழிலிருந்து ரசாயன முறையில் எடுக்கும் இந்தப் பஞ்சை நெடுங்காலம் இந்தியாவில் தயாரித்துவந்தது கிராசிம் என்ற ஒரே நிறுவனம். அதன் குழுமத்துக்கோ கனடாவிலும் சுவீடனிலும் கூழ் ஆலைகள் உண்டு. சீனாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் பஞ்சின்மீது 2010-இல் விதித்த வரி, 2016-இல் புதுப்பிக்கப்பட்டு, 2021 ஆகஸ்டில்தான் நீங்கிற்று. அந்தப் பதினோரு வருஷமும் பஞ்சு வாங்கி நூற்ற தமிழ்நாட்டு ஆலைகளும், அந்த நூலை வாங்கி ரேயான் துணி நெய்த ஈரோட்டு விசைத்தறிக்காரர்களும் அல்லவா வரியின் சுமையைத் தாங்கினார்கள்? மீட்டருக்கு இன்ன விலையென்று துணி வியாபாரியிடம் ஒப்புக்கொண்டுவிட்ட தறிக்காரர், பாவு ஏற்றும் வேளையில் முப்பதாம் நம்பர் நூலின் விலை கிலோவுக்குச் சில ரூபாய் ஏறிவிட்டால், நஷ்டத்துக்கு நெய்வதா, தறியை நிறுத்துவதா என்று திகைக்க வேண்டியதுதான். இதில் இன்னொரு விபரீதமும் உண்டு: பஞ்சுக்கு இருந்த இவ்வரி அதே பஞ்சில் நூற்ற அந்நிய நூலுக்கு இல்லாமையால், அந்த நூல் தாராளமாக உள்ளே வந்து நம் நூற்பாலைகளோடு போட்டியிட்டது.

வரி அமலில் இருந்த காலத்திலேயே, 2020 மார்ச்சில், அதே கிராசிம் நிறுவனம் தன் ஆதிக்கத்தைத் துஷ்பிரயோகம் செய்து வெவ்வேறு ஆலைகளுக்கு வெவ்வேறு விலை வைத்ததென்று இந்தியப் போட்டி ஆணையம் 301 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஒரு கை காவல் நிற்க, மறு கை தண்டித்த இந்த ராஜாங்க விநோதத்தை என்னென்பது! வரி போன பிறகும் நிம்மதி நீடிக்கவில்லை. 2023-இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை வந்து, சான்றிதழ் பெறாத பஞ்சைத் துறைமுகத்திலேயே தடுத்தது.

உள்நாட்டு உற்பத்தியாளர் நசித்துப்போனால் பிற்பாடு அந்நியர் வைத்ததே விலை ஆகிவிடும் என்ற வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. சீனத்தின் உபரி உற்பத்தி கற்பனையன்று. எனினும் 1975-ஆம் வருஷத்துச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 9ஏ பிரிவின்கீழ் வரி விதிக்க உற்பத்தியாளரின் நஷ்டத்தை நிரூபிப்பது அவசியமாக இருக்க, உபயோகிப்பவரின் நஷ்டமோ சொல்லிக்கொள்ளலாம் என்ற அளவில் நிற்கிறது. ஐரோப்பிய யூனியனின் சட்டம், உபயோகிப்போர் நலனையும் சீர்தூக்கிய பின்னரே வரி விதிக்க இடம் தருகிறது. நம் நாட்டிலும் 2020 பட்ஜெட்டில் பாலியஸ்டரின் மூலப்பொருளான பிடிஏ மீதான வரி பொதுநலன் கருதி ரத்து செய்யப்பட்டது. ஆனால் அது நிதியமைச்சரின் தயவால் கிடைத்ததேயன்றிச் சட்டத்தின் கட்டளையால் அன்று. உபயோகிப்போர் நலனைச் சீர்தூக்க வேண்டுமென்ற கட்டளையை 9ஏ பிரிவில் பாராளுமன்றம் சேர்க்க வேண்டும். ஒரே உற்பத்தியாளர் உள்ள பண்டத்துக்கு ஐந்தாண்டு வரியை மறுமுறை புதுப்பிக்கலாகாது என்றும் அதிலேயே எழுத வேண்டும்.