ஏழு ஆட்டத்தில் எழுதிய தீர்ப்பு

டாக்காவில் வங்கதேசத்திடம் இந்தியக் கால்பந்து அணி 0-1 என்று தோற்ற கையோடு பழைய பல்லவி தொடங்கிவிட்டது. பயிற்சியாளர் காலித் ஜமீல் கிளப் அணிகளுக்குச் சரி, தேசிய அணி அவருக்குப் பெரிய பாரம், நல்ல வெளிநாட்டுப் பயிற்சியாளராகப் பாருங்கள் என்கிறார்கள். 2003-க்குப் பிறகு வங்கதேசத்திடம் இந்தியா தோற்றது அதுவே முதல்முறை. அவமானம்தான், யாரும் பூசி மெழுக வேண்டாம். ஆனால் இந்த நோய்க்குச் சொல்லப்படும் மருந்தைத்தானே 2012 முதல் 13 ஆண்டுகள் விடாமல் குடித்தோம்?

கோவர்மன்ஸ், கான்ஸ்டன்டைன், ஸ்டிமாச், மார்க்கெஸ் என நான்கு பேர் வந்து போனார்கள். இருமுறை ஆசியக் கோப்பைக்குப் போனோமே என்பார்கள். அந்தப் போட்டியை 24 அணிகளுக்கு விரித்த பிறகு போனோம். இரண்டாம் முறை, 2024 ஜனவரியில், மூன்று ஆட்டத்திலும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பினோம். அதே ஆண்டு மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடமும் தோற்றோம். கடைசியாக வந்த மார்க்கெஸ், எஃப்சி கோவாவுக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரத்தில் பயிற்சியாளர். ஒரு நாட்டின் அணியைப் பகுதிநேர வேலையாகக் கொடுத்த பெருமை நம் கால்பந்து சம்மேளனத்துக்கே உரியது. எட்டு ஆட்டம், ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவுக்கு எதிராக. ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றின் ஆறு ஆட்டங்களில் இரண்டை முடித்து, ஒரே ஒரு புள்ளியை மிச்சம் வைத்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார். பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டுமே வாய்ப்பு. காலித் கையில் வந்தது இந்தப் பாதி மூழ்கிய படகு.

காலித்தைத் தேர்ந்தெடுத்த விதமும் மறக்கக்கூடியதல்ல. 170 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஸ்பெயினின் ஷாவியும் இருக்கிறார் என்று செய்தி கசிந்து, இரண்டு நாள் நாடே குதித்தது. பிறகு அந்த மின்னஞ்சலே போலி என்று சம்மேளனம் விளக்கம் கொடுத்தது. பார்சிலோனாவின் நடுக்கள மேதை கனவாகிப்போனதும் மும்பையின் நடுக்கள ஆட்டக்காரர் நினைவுக்கு வந்தார். 2025 ஆகஸ்ட் 1 அன்று அறிவிப்பு வந்தது.

குவைத்தில் பிறந்த காலித், மஹிந்திரா யுனைடெட்டிலும் ஏர் இந்தியாவிலும் நடுக்களத்தில் ஆடி, காயங்களால் ஆட்டம் முடங்கி, 2009-இல் மும்பை எஃப்சி-யின் பயிற்சியாளரானவர். இங்கேதான் நான் அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு வருகிறது. பணமோ பகட்டோ இல்லாத அந்த அணியை ஏழு ஆண்டுகள் தேசிய லீக்கான ஐ-லீக்கிலிருந்து கீழே இறங்கவிடாமல் காப்பாற்றினார். ஒவ்வொரு ஆண்டும் தப்பிப்பதுதானே, கோப்பை எங்கே என்று சலித்துக்கொண்டு 2016-இல் அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் ஐஸ்வாலுக்குப் போனார். அந்த ஆண்டு ஐ-லீக்கிலிருந்து இறங்கிய அணி அது. கோவா கிளப்புகள் விலகியதால் மறுபடி உள்ளே வந்திருந்தது. மும்பையில் தன்னிடம் ஆடிய ஆசுதோஷ் மேத்தாவும் ஜெயேஷ் ரானேவும் அங்கே அவருடன் இருந்தார்கள். 

சீசன் முடிவில் நடந்ததைப் பாருங்கள். 83-ஆவது நிமிடத்தில் ஐஸ்வாலின் சொஹ்மிங்லியானா ரால்ட்டே தலையால் முட்டிய பந்தில் மோகன் பகான் வீழ்ந்தது. 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் லஜோங் அணியிடம் தோற்காமல் இருந்தால் போதும், கோப்பை ஐஸ்வாலுக்கு. ஒன்பதாவது நிமிடத்திலேயே லஜோங் கோல் அடித்துவிட்டது. 67-ஆவது நிமிடத்தில் சமன். 18 ஆட்டம், 37 புள்ளி, பகானைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல், ஐஸ்வால் சாம்பியன். அதே சீசனில், அதே அட்டவணையில், கடைசி இடம் பிடித்துக் கீழே இறங்கியது எது? காலித்தை அனுப்பிய மும்பை எஃப்சி! பொறுமையில்லாமல் பயிற்சியாளரை மாற்றுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவாக யார் பாடம் எடுக்க முடியும்?

ஐஸ்வால் வெற்றி தற்செயல் என்பவர்கள் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டைப் பார்க்கட்டும். 2021 ஜனவரியில் இடைக்காலப் பொறுப்பேற்று, மீதமிருந்த லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் அரையிறுதிக்குக் கொண்டுபோனார். இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) இந்தியப் பயிற்சியாளர் ஒருவர் அதைச் செய்தது அதுவே முதல்முறை. பிறகு ஜாம்ஷெட்பூரையும் அரையிறுதிக்குக் கொண்டுபோனார்.

தேசிய அணியில் அவர் எதுவுமே செய்யவில்லை என்பது நினைவாற்றல் இல்லாதவர்களின் பேச்சு. பொறுப்பேற்ற சில வாரங்களில் மத்திய ஆசிய நாடுகளின் கோப்பையில் தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே 2-1 என வென்றார். தரவரிசையில் நமக்கு 54 இடம் மேலே இருந்த ஓமனைப் பெனால்டியில் வீழ்த்தி மூன்றாமிடம் பிடித்தார். பெனால்டி வெற்றி ஏட்டுக்கணக்கில் டிரா என்று சுத்தக் கணக்காளர்கள் திருத்துவார்கள், திருத்திக்கொள்ளட்டும். அதுவும், அந்தப் போட்டிக்குத் தன் வீரர்களை அனுப்ப மாட்டேன் என்று மோகன் பகான் மறுத்த நிலையில்.

அக்டோபரில் மடகாவில் சிங்கப்பூருடன் நடந்த ஆட்டத்தில் தவறு இருந்தது. 14-ஆவது நிமிடத்தில் சாங்தே தூரத்திலிருந்து அருமையாக அடித்து முன்னிலை தந்தார். இடைவேளைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அதைக் கோட்டைவிட்டோம். சாங் உய்-யங் இரண்டாவதையும் போட்ட பிறகு அரை மணி நேரம் இருந்தும் பதில் இல்லை. முன்னிலை கிடைத்ததும் பின்வாங்கி நிற்பது காலித்தின் பழக்கம், அது அன்று கடித்தது. ஆனால் கோலடிக்க 41 வயது சுனில் சேத்ரியையே திரும்ப அழைக்க வேண்டிய நிலையை உண்டாக்கியது அவரா? முன்களத்தை வெளிநாட்டவருக்கே ஒதுக்கிவைத்திருக்கும் ஐஎஸ்எல் கிளப்புகளா? அந்த ஐஎஸ்எல்லும் அப்போது நடக்கவில்லை. உரிமம் வாங்க ஏலத்துக்கு ஒருவரும் வரவில்லை. லீக் ஆட்டமே ஆடாத கால்களோடு டாக்காவுக்குப் போன அணியிடம் என்ன எதிர்பார்த்தார்கள்?

மடகாவில் நம்மை வென்று, பிறகு ஹாங்காங்கையும் வீழ்த்தி ஆசியக் கோப்பைக்குப் போய்விட்ட சிங்கப்பூரின் பயிற்சியாளர் கேவின் லீ. அப்போது வயது 35. உள்ளூர்க்காரர், அதுவும் இடைக்காலப் பொறுப்பில் இருந்தவர். ஜப்பானியப் பயிற்சியாளர் போன பிறகு அவரை நம்பினார்கள், முடிந்தது. வெளிநாட்டுப் பெயர்களைச் சிபாரிசு செய்கிறவர்கள் இதற்கு என்ன சொல்லப்போகிறார்கள்? ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

காலித்துடன் போட்டிருப்பது இரண்டு ஆண்டு ஒப்பந்தம். 2027 ஆகஸ்ட் வரை அவரை யாரும் தொடக் கூடாது. அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகளுக்கு இந்தியப் பயிற்சியாளர்கள் மட்டுமே என்று சம்மேளனம் தன் சட்டதிட்டத்திலேயே எழுதிவைக்கட்டும். ஷாவியே உண்மையாக விண்ணப்பித்தாலும் திருப்பி அனுப்பட்டும்.