கேடில்லை என்று யார் சொல்வது?

கீழ்வேளூர்ச் சிவனுக்குக் கேடிலியப்பர் என்று பெயர். கேடில்லாதவர். அவர் ஊரில் பஸ் ஏறினால் அரை மணியில் நாகப்பட்டினம். அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023இல் கப்பல் விட்டார்கள். அக்கரையில், தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில், பெண் குழந்தைக்கு நாற்பது நாள் ஆவதற்குள் ‘ஒஸ்தா மாமி’ வீடு தேடி வருவார். குழந்தையின் பிறப்புறுப்பில் பிளேடால் ஒரு கீறல். “சின்னக் கீறல்தானே, என்ன கெட்டுவிடும்?” என்பார்கள் பெரியவர்கள்.

இந்தியாவில் தாவூதி போரா சமூகத்தினர் இதைக் ‘கத்னா’ என்கிறார்கள். அங்கே சிறுமிக்கு ஏழு வயதிருக்கும். மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிப் போனார்கள் என்று, வளர்ந்த பின் வாய் திறந்த பெண்கள் உண்டு. தடை கோரி 2017இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. ‘கேடற்ற மதச் சடங்கு’ என்றது எதிர்த்தரப்பு. 2018இல் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. மறு ஆண்டே, சபரிமலைக்குப் பெண்கள் போவது பற்றிய வழக்கில் எழுந்த கேள்விகளோடு பிணைக்கப்பட்டது.

மதம் சொல்கிறதா? குர்ஆனில் இது இல்லை. இஸ்லாத்துக்கு முன்பே எகிப்தில் இருந்த வழக்கம்; அங்குள்ள காப்டிக் கிறிஸ்தவர்களிடமும் இருந்தது. மார்க்கத்தில் இதற்கு அடிப்படை இல்லை என்று கெய்ரோவின் அல் அஸ்ஹர் ஆய்வுக் குழு 2007இல் அறிவித்தது. 2008இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா என்ற மார்க்க அறிஞர் சபை, இது கடமை என்றது. மார்க்கம் ஒன்று, தீர்ப்பு இரண்டு! மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாது என்று இலங்கைச் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட 2018 ஆயிற்று.

இதை வைத்து ஒரு மதத்தை ஏசக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் நம் டெல்டாவைத் திரும்பிப் பார்க்கட்டும். சிறுமிக்குப் பொட்டுக் கட்டித் தேவதாசி ஆக்கியதும் சாமி பெயரால்தான். அதில் கேடில்லை என்று சாதித்தவர்கள் பெரிய மனிதர்கள். கேட்டை எடுத்துச் சொன்னவர், அந்த வாழ்க்கையை உள்ளிருந்து கண்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். 1947இல் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

இன்றும் போராப் பெண்களும் இலங்கை முஸ்லிம் பெண்களும் தங்கள் வீட்டாரின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு பேசுகிறார்கள். இந்தக் கீறலால் மருத்துவப் பயன் எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இதைப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இன்னும் இல்லை. அதை எழுத உட்காருகிறவர்கள் முதலில் இந்தப் பெண்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். நாற்பது நாள் குழந்தைக்கு அழத்தானே தெரியும்?