மலைக்கு வேண்டிய வானூர்தி

படைக்கலம் வாங்குவது தலைநகரத்தின் விவகாரம். தேயிலை மலைக்கு அதில் என்ன வேலை என்று கேட்போர் உளர். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி அவ்வினாவுக்கு விடை கூறிச் சென்றது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன, நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். துண்டிக்கப்பட்ட ஊர்களுக்கு வான்வழியே வழியாயிற்று. எமது விமானப்படையோடு இந்தியாவின் எம்.ஐ. 17 உலங்கு வானூர்திகளும் அப்பணியில் ஈடுபட்டன. நவம்பர் 30ஆம் நாள் நிவாரணப் பணியிலிருந்த எமது பெல் 212 ஒன்று லுணுவிலயில் வீழ்ந்து, அதன் விமானி உயிர்நீத்தார்.

இராணுவத்தை நவீனமயமாக்குவது பற்றிப் பேசும்போது இந்நிகழ்ச்சியை மறத்தல் தகாது. வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். தாக்குதல் வானூர்தியைத் தெரிவு செய்வோருக்கும் இம்மூன்றுமே உரைகல்.

முதலில் காலம். எம்.ஐ. 24 ரகத் தாக்குதல் வானூர்திகளைக் கொண்டு விமானப்படையின் 9ஆம் இலக்க அணி ஹிங்குராக்கொடையில் நிறுவப்பட்டது 1995இல், அது போர்க்காலம். வடக்கு, கிழக்கு மக்களின் நெஞ்சில் அவ்வோசை அச்சமாகவே பதிந்தது. 2009 மே மாதத்தில் போர் ஓய்ந்தது. அன்றைய தேவையை அளவுகோலாகக் கொண்டு இன்றைய கொள்வனவைத் தீர்மானித்தல் பொருந்தாது.

அடுத்து இடம். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குன்றும். சுழலியின் தூக்குவிசையும் இயந்திரத்தின் ஆற்றலும் குறையும். எம்.ஐ. 24 கவசச் சுமை மிக்கது. விரைந்து பறக்கையில் உதவும் அதன் குறுஞ்சிறகுகள், ஓரிடத்தில் மிதந்து நிற்கையில் கீழிறங்கும் காற்றுக்குத் தடையாகின்றன. மலைச்சரிவில் மக்களைத் தூக்கி மீட்பதற்கோ மிதந்து நிற்கும் ஆற்றலே முதன்மையானது. 1999 கார்கில் போரில் உயரத்தின் இடரை உணர்ந்த இந்தியா, தன் மலைக்கேற்ற ‘பிரசண்ட்’ வானூர்தியைத் தானே உருவாக்கி 2022இல் விமானப்படையிற் சேர்த்தது. 2025 மார்ச்சில் மேலும் 156 வானூர்திகளுக்கு ஒப்பந்தம் செய்தது. பனிமலை எல்லை அந்நாட்டின் தேவை. அதனிடம் நாம் கற்கவேண்டியது தன் நிலத்தை நோக்கித் தெரிவு செய்த முறையையே.

இறுதியாக வலி. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தவியலாது நின்ற நாடு இது. 2030இல் தரைப்படையை ஒரு இலட்சம் பேராகக் குறைக்கப்போவதாக 2023இல் அரசு அறிவித்தது. வானூர்தியோ வாங்கிய விலையோடு முடிவதன்று. உதிரிப்பாகம், இயந்திரச் சீரமைப்பு, விமானிகளின் பயிற்சி என அது ஆண்டுதோறும் செலவு கேட்கும். நன்கொடையாக வந்ததும் இதற்கு விலக்கன்று. அச்செலவுக்குரிய அந்நியச் செலாவணியில் ஒரு பங்கு கொழுந்து கொய்யும் கைகளால் வருவது.

படைக்கலத்தை ஆபத்து வந்தபின் ஒரே நாளில் தேடிக்கொள்ள இயலாது என்பர். அது மெய்யே; நாட்டுக்குத் தற்காப்பு வேண்டும். ஆனால் மீட்பு வானூர்தியையும் வெள்ளம் வந்தபின் தேடிக்கொள்ள இயலாதே! இரண்டில் ஒன்றை முதலில் வாங்க நேரின், ஆண்டுதோறும் மழை தவறாது வருவதை நினைத்துத் தெரிவு செய்வதே அரசியல் அறிவு. மலையுயரத்தில் நிறைசுமையோடு மிதக்குமா, எத்தனை நோயாளரைப் படுக்கையோடு ஏற்றும், தூக்குக் கயிற்றுப்பொறி உண்டா என்னும் வினாக்களுக்கு விடை பெறாமல் ஒப்பந்தத்தில் ஒப்பமிடலாகாது.

எனினும், சரிவின் விளிம்பில் லயன்களை இருக்கவிட்டு வானூர்தியை மட்டும் நம்புவதும் பேதைமை. பாதுகாப்பான நிலத்தில் வீடு அமைத்துக் கொடுப்பதே முதற் காவல். வானூர்தி அதற்கு அடுத்தது. பெருமழை நாளில் வானத்தை அண்ணாந்து பார்க்கும் தோட்டத்துத் தாய்க்கு, வருவது தன்னைத் தூக்கிச் செல்லவல்ல வானூர்தியாயிருக்க வேண்டும். நவீனமயம் என்னும் சொல்லுக்கு அவள் அறியும் பொருள் அதுவே.