பழியை விலங்கின் தலையில் கட்டாதீர்கள்

குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் காரை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறவர்களைக் கேளுங்கள். "பளபளன்னு எதைப் பார்த்தாலும் பிடுங்கிடும்" என்பார்கள். காக்கை மினுங்குவதைத் திருடும், கடமான் வெள்ளிப் பாக்கெட்டில் மயங்கும் என்று இந்த நம்பிக்கை நீள்கிறது. இது தவறு. நம் குற்றத்தை விலங்கின் தலையில் கட்டவும் இதுவே உதவுகிறது.

கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் இரவில் கோயில் கதவை உடைத்துக் கரடி புகுந்ததாக அடிக்கடி செய்தி வருகிறது. விடிந்து போய்ப் பார்த்தால் விளக்குகள் உருண்டு கிடக்கும், எண்ணெய் இருக்காது. தேய்த்து மினுக்கிய பித்தளை கரடிக்கு ஒரு பொருட்டல்ல. அதை இழுத்து வந்தது எண்ணெய் வாசனை. கிணற்றடியில் காக்கை சோப்பைத் தூக்குவதும் அதிலுள்ள கொழுப்புக்காகத்தான்.

ஐரோப்பாவில் திருட்டுப் பட்டம் சுமப்பது காக்கையின் உறவான மேக்பை. எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்குக் கடலை வைத்து, பக்கத்திலேயே பளபளக்கும் திருகாணிகளையும் அலுமினியத் தாளையும் போட்டார்கள். 2014-இல் வெளியான முடிவு இது: 64 சோதனைகளில் இரண்டே முறை பறவை அவற்றை எடுத்தது, எடுத்தவுடன் போட்டுவிட்டது. மினுங்கும் பொருள் அருகில் இருந்தால் தீனியெடுக்கவே தயங்கியது.

சிப்ஸ் பாக்கெட்டின் உட்புற அலுமினியப் பூச்சு ஈரமும் காற்றும் வெளிச்சமும் புகாமல் தடுப்பதற்கானது. கடமானையும் காட்டெருமையையும் கூப்பிடுவது அதில் ஒட்டிய உப்பு. புல்லிலும் தழையிலும் சோடியம் குறைவு. ஆகவே உப்பு மண்ணைத் தேடி நக்குவது அவற்றின் இயல்பு. உப்போடு உறையும் உள்ளே போகிறது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் அது செரிக்காமல் தங்கி, தீனி நகரும் வழியை அடைக்கிறது.

பளபளப்பில் மயங்குவது நாம்தான். 1880-ஐ ஒட்டி, தேவாலா, பந்தலூர் மலைகளில் தங்கம் குவிந்திருப்பதாகச் சொல்லி லண்டனில் பங்கு விற்றார்கள்; சில ஆண்டுகளில் அந்தக் கம்பெனிகள் மண்ணைக் கவ்வின. இன்று கடையில் சரம்சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளின் மினுக்கமும் வாங்குகிற மனிதரின் கண்ணுக்குத்தான்.

கரடியைக் கூண்டு வைத்துப் பிடி, குரங்கை வேறு காட்டில் விடு என்று மனுக் கொடுப்பதற்கு முன், உப்பும் எண்ணெயும் வெளியில் கிடக்காமல் பார்ப்போம். குரங்கு திறக்க முடியாத குப்பைத்தொட்டியை ஒவ்வொரு நிறுத்தத்திலும் நகராட்சியும் ஊராட்சியும் வைக்கட்டும். சுற்றுலா வருகிறவர்கள் தின்ற உறையைத் தங்களோடு கீழே கொண்டுபோகட்டும்.